நெருங்கிய நண்பர்கள் கூட்டம் எழுத்தை வளர்க்குமா, முடக்குமா?

முதலில் உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு பேர் சேர்ந்து படிக்கவும் எழுதவும் ஆரம்பித்த ஒரு குழுவில் இருக்கிறீர்கள். சேர்ந்த புதிதில் கதைகள் தானாக வந்தன. இரண்டு மூன்று ஆண்டு கழித்து, இப்போது எதை எழுத உட்கார்ந்தாலும் குழுவில் மற்றவர்கள் எழுதுவது மாதிரியே வருகிறது, பாதி வரியிலேயே “இதற்கு அவர் என்ன சொல்லுவார்” என்ற நினைப்பு வந்து நிற்கிறது. குழுவை விட்டு விலகித் தனியாக இருந்தால் பழைய கற்பனை திரும்புமா என்று கேட்கிறீர்கள். கூடவே, வீட்டில் கணவர் நீங்கள் எழுதும் ஒரு வரியைக்கூடப் படிப்பதில்லை, அதுவும் பாதிக்குமா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது தனிமையா கூட்டமா என்ற பழைய கேள்விதான். ஆனால் உங்களுக்கு வேண்டியது அதற்கான பதில் இல்லை என்று நினைக்கிறேன். சுற்றியிருப்பவர்கள் நமக்குள் நடப்பதை எந்த வழியாக மாற்றுகிறார்கள், அதில் எதை நம்மால் மாற்றி அமைக்க முடியும் என்பதைத்தான் கேட்கிறீர்கள்.

நான் படித்தது சமூக உளவியல். வேலை, ஒரு வடிவமைப்புக் கல்லூரியில் பாடம் எடுப்பது. புதிதாக ஒன்றை யோசிக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் இருபது வயதுப் பிள்ளைகளைப் பல ஆண்டுகளாகப் பக்கத்தில் இருந்து பார்த்து வருகிறேன். நான் எழுத்தாளன் இல்லை. ஆகவே ஒரு கதை உங்களுக்குள் எப்படித் திரள்கிறது என்பதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆட்கள், அவர்களுக்கு நடுவே உள்ள உறவு, அதிலிருந்து வரும் யோசனைகள், இந்த மூன்றையும் பற்றி ஓரளவு நிச்சயமாகப் பேச முடியும்.

என் பதில் சுருக்கமாக இதுதான்: குழுவை விட வேண்டாம், ஆனால் எழுத்தின் எந்தக் கட்டத்தில் குழுவை உள்ளே விடுகிறீர்கள் என்பதை மாற்றுங்கள். ஒரு படைப்பு உருவாவதை நாம் ஒரே வேலையாக நினைத்துக்கொள்கிறோம். அதற்குள் வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. ஏதோ ஒன்று தோன்றுவது ஒரு வேலை, தோன்றியதைத் தட்டி நிமிர்த்தி உருவம் கொடுப்பது இன்னொன்று, அதை உலகம் ஏற்கும்படி கொண்டுபோய்ச் சேர்ப்பது மூன்றாவது. ஜில் பெர்ரி-ஸ்மித், பியர் விட்டோரியோ மன்னுச்சி என்ற இருவர் 2017-இல் ஒரு கட்டுரையில் இதைத் தெளிவாக எடுத்துவைத்தார்கள். ஒரு கட்டத்தில் உதவும் உறவு அடுத்த கட்டத்தில் இடைஞ்சலாக ஆகிவிடலாம் என்பது அவர்கள் வாதம். நான் வகுப்பில் பார்ப்பதும் அதேதான்.

இதில் சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். கூட்டமாக உட்கார்ந்து யோசித்தால் நிறைய யோசனை வரும் என்று அலுவலகங்களில் எல்லாம் நம்புகிறார்கள். பிரெய்ன்ஸ்டார்மிங் என்ற அந்த முறையைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்பர்ன், அமெரிக்க விளம்பரத் துறைக்காரர். குழுவாக இருந்தால் ஒரு சராசரி ஆள் இரண்டு மடங்கு யோசனை தருவார் என்று அவர் எழுதினார். 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். நால்வரை ஒரு குழுவாக உட்காரவைத்தார்கள். வேறு நால்வரைத் தனித்தனியாக யோசிக்கச் சொல்லி, திரும்பத் திரும்ப வந்ததை நீக்கிவிட்டு அவர்கள் பட்டியல்களை ஒன்றாக்கினார்கள். தனியாக யோசித்தவர்கள்தான் ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்தார்கள். அதற்கப்புறம் எத்தனையோ முறை வெவ்வேறு நாடுகளில் செய்து பார்த்தும் குழு தோற்றுக்கொண்டே இருக்கிறது.

ஏன் என்பதுதான் சுவாரசியம். கூச்சம்தான் காரணம், சோம்பல்தான் காரணம் என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், 1987-இல் ஜெர்மனியின் டீல், ஸ்ட்ரோபே என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்துவிட்டு, அடுத்த அறையில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் ஒரு விளக்கு எரியும், அது அணைந்தால்தான் நீங்கள் வாய் திறக்கலாம் என்று வைத்தார்கள். முகம் பார்க்கவில்லை, கூச்சப்பட ஆள் இல்லை. அப்படியும் யோசனைகள் குறைந்தன. தன் முறை வரும்வரை காத்திருப்பதே போதும், தலையில் இருப்பது நழுவிப்போவதற்கு. மற்றவர் பேசும்போது நாம் கேட்கவும் வேண்டியிருக்கிறது, நம்முடையதைப் பிடித்து வைத்திருக்கவும் வேண்டியிருக்கிறது, இரண்டும் சேர்ந்து நடப்பதில்லை. உங்கள் குழு நல்லவர்களால் ஆனதா கெட்டவர்களால் ஆனதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தங்கமான நண்பர்களோடு உட்கார்ந்தாலும் இதேதான் நடக்கும். கதைக்கான முதல் பொறியை, “இப்படி ஒன்று எழுதலாம்னு இருக்கேன்” என்று குழுவில் பேசித் தீர்த்துவிடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், முதலில் கைவைக்க வேண்டிய இடம் அது.

இரண்டாவது, “அவர் என்ன சொல்லுவார்” என்ற நினைப்பு. இதைப் பற்றி நிறைய ஆராய்ந்தவர் தெரசா அமபிலே என்ற அமெரிக்க உளவியலாளர். 1985-இல் வெளியான அவருடைய ஒரு சோதனை எனக்குப் பிடித்தமானது. 72 இளம் எழுத்தாளர்கள். எல்லோரும் பனி என்ற பொருளில் ஒரு சிறு கவிதை எழுதினார்கள். அப்புறம் ஒரு பகுதியினருக்கு, எழுதுவதற்கான சில காரணங்களைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார்கள், அவ்வளவுதான். அந்தக் காரணங்கள் எல்லாம் ஆசிரியரிடம் நல்ல பெயர் வாங்குவது, புத்தகம் விற்றுப் பணம் வருவது என்ற வகை. இன்னொரு பகுதியினருக்கு எழுதும்போது கிடைக்கும் மகிழ்ச்சி, தெளிவு என்ற வகைக் காரணங்கள். மூன்றாவது பகுதிக்கு ஒன்றும் இல்லை. பிறகு எல்லோரும் சிரிப்பு என்ற பொருளில் இன்னொரு கவிதை எழுதினார்கள். யார் எழுதியது என்று தெரியாமல் அனுபவமுள்ள கவிஞர்கள் அவற்றை மதிப்பிட்டபோது, பெயர், பணம் பற்றிச் சில நிமிடம் நினைத்தவர்களுடைய இரண்டாவது கவிதை மட்டும் தெளிவாகக் கீழே இறங்கியிருந்தது. யாரும் அவர்களைத் திட்டவில்லை, பரிசு தருகிறேன் என்று சொல்லவில்லை. வெளியிலிருந்து பார்க்கும் கண்ணைக் கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டதுதான் வித்தியாசம்.

வகுப்பில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பேருந்து நிலையத்தில் முதியவர்கள் உட்கார ஓர் இருக்கை வடிவமைக்க வேண்டும் என்பது பயிற்சி. திங்கட்கிழமை எல்லோரும் பென்சில் வரைவுகளைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். வெளியிலிருந்து வந்த ஒரு பெயர்பெற்ற வடிவமைப்பாளர் சுவரோரமாக நடந்துகொண்டே வந்து, மடக்கி வைக்கும் இருக்கை ஒன்றின் முன்னால் நின்று “இது நல்லாயிருக்கே” என்றார், போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. வியாழக்கிழமை பார்த்தால் சுவரில் பாதிக்கு மேல் மடக்கு இருக்கைகள். கீல் எந்தப் பக்கம், மடக்கினால் எவ்வளவு அகலம் என்று ஆளாளுக்கு நுணுக்கமாக வரைந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு மாணவி மட்டும் திங்களன்று வேறு ஒன்று வரைந்திருந்தாள்: உட்காரும் பலகையே இல்லாமல், இடுப்பு உயரத்தில் சாய்ந்து நிற்க ஒரு கட்டை, பிடித்துக்கொள்ள இரண்டு கம்பி. அவளுடைய பாட்டிக்கு உட்காருவது கஷ்டமில்லை, எழுந்திருப்பதுதான் கஷ்டம் என்பதைப் பார்த்து வரைந்தது. வியாழனன்று அது சுவரில் இல்லை. கேட்டதற்கு, “யாரும் தப்புன்னு சொல்லல சார், யாரும் நின்னு பார்க்கல, அதான்” என்றாள். இப்போதெல்லாம் முதல் வாரத்தில் விருந்தினர் யாரையும் நான் அழைப்பதில்லை.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. மதிப்பீடு என்றாலே கெடுதல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த மதிப்பீடு, எப்போது, யாரிடமிருந்து என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. “இந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை” என்று தகவலாக வரும் விமர்சனம் உதவுகிறது, கட்டுப்படுத்துவதற்காக வரும் விமர்சனம் முடக்குகிறது என்று அமபிலேவே பின்னாளில் தன் கருத்தை விரித்து எழுதினார். என் அனுபவத்தில் மூத்தவர்களின் பாராட்டுதான் கண்டனத்தைவிட ஆபத்தானது. திட்டினால் பிள்ளைகள் சண்டைக்காவது வருவார்கள், பாராட்டினால் அந்தத் திசையில் போய்க்கொண்டே இருப்பார்கள்.

அடுத்து, எல்லோரும் ஒரே மாதிரி எழுத ஆரம்பிப்பது. இதற்குச் சமூகவியலில் ஒரு நல்ல விளக்கம் இருக்கிறது. 1973-இல் மார்க் கிரானோவெட்டர், வேலை தேடியவர்களுக்குத் தகவல் யார் மூலம் வந்தது என்று விசாரித்து, நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது பார்க்கும் அறிமுகக்காரர்கள் மூலமாகவே அதிகம் வந்திருப்பதைக் காட்டினார். காரணம் எளிமையானது. நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும், ஏனென்றால் ஒரே ஆட்களோடுதான் எல்லோரும் பழகுகிறீர்கள். ரொனால்ட் பர்ட் இதை யோசனைகளுக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொருள் கொள்முதல், விநியோகம் பார்க்கும் மேலாளர்களிடம், உங்கள் வேலையை மேம்படுத்த ஒரு யோசனை எழுதுங்கள், யாரோடு இதையெல்லாம் பேசுவீர்கள் என்றும் சொல்லுங்கள் என்று கேட்டார். ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத இரண்டு மூன்று வட்டங்களில் கால் வைத்திருந்தவர்களின் யோசனைகளை உயர் அதிகாரிகள் அதிகம் மதித்தார்கள். தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தவர்களின் யோசனைகள் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டன. 2004-இல் வந்த ஆய்வு இது, இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது.

ஆனால் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பிரெய்ன்ஸ்டார்மிங் விஷயத்தில் இருந்த உறுதி இதில் இல்லை. பல வட்டங்களில் பழகுவதால் யோசனை வருகிறதா, இயல்பிலேயே துருதுருவென்று இருப்பவர்கள்தான் பல வட்டங்களில் பழகுகிறார்களா என்பதை இப்படிப்பட்ட ஆய்வால் முழுசாகப் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் நடக்கிறது என்பது என் ஊகம். அதோடு, எல்லோரும் புதியவர்களாக இருந்தாலும் சரிவருவதில்லை. பிரயன் உஸ்ஸியும் ஜாரெட் ஸ்பிரோவும் 1945 முதல் 1989 வரை நியூயார்க் பிராட்வேயில் அரங்கேறிய 474 இசை நாடகங்களை எடுத்து, யார் யாரோடு முன்பு சேர்ந்து வேலை செய்திருந்தார்கள் என்று பார்த்தார்கள். பழகாத ஆட்கள் அதிகமாக இருந்த காலத்தில் நாடகங்கள் தடுமாறின, எல்லோரும் எல்லோருக்கும் பழகியவர்களாகிவிட்ட காலத்திலும் தடுமாறின. நடுவில் ஓர் அளவு இருந்தபோதுதான் வசூலும் விமர்சகர் பாராட்டும் சேர்ந்து வந்தன. உங்கள் குழுவின் முதல் ஆண்டு நன்றாக இருந்ததற்கும் மூன்றாவது ஆண்டு வறண்டதற்கும் இதுவே ஒரு காரணமாக இருக்கலாம். இது யாருடைய குற்றமும் இல்லை. பழகப் பழக ஒருவரிடம் இருந்தது எல்லோரிடமும் வந்துவிட்டது, வெளியிலிருந்து புதிதாக எதுவும் வரவில்லை.

ராமானுஜனைப் பற்றிப் பேசாமல் இந்தக் கேள்வியைக் கடக்க முடியவில்லை. தனிமையில் பூத்த மேதை என்று அவரைச் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டார்கள். பாதி உண்மை. கும்பகோணத்தில் கையில் கிடைத்த ஒரு பழைய சூத்திரத் தொகுப்பை வைத்துக்கொண்டு, கேட்க ஆள் இல்லாமல், அவர் நோட்டுகளை நிரப்பியது உண்மைதான். அந்தத் தனிமைக்கு அவர் கொடுத்த விலையும் பெரியது. ஐரோப்பாவில் ஏற்கெனவே கண்டுபிடித்து முடித்ததை எல்லாம் மறுபடி கண்டுபிடிப்பதில் பல ஆண்டுகள் போயின. அதன்பிறகு நடந்ததைப் பாருங்கள். 1910-இல் ஒரு குமாஸ்தா வேலை கேட்டுத் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசுவாமி ஐயரைப் பார்க்கப் போகிறார். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-இல் தொடங்கியவர் அவர்தான். நோட்டைப் புரட்டிய அவர் வேலை தராமல் சென்னையில் உள்ள கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்புகிறார். அப்படிப் போய் ஒருவர் விட்டு ஒருவராக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் வரை போகிறார். ராவிடம் அவரைப் பற்றிச் சொன்னது கணிதமே தெரியாத ஓர் உறவுக்கார இளைஞர். ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துக் காப்பாற்றுகிறார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் குமாஸ்தா வேலை. இவர்களில் ஒருவர்கூட அவருக்கு நெருங்கிய நண்பர் இல்லை. கிரானோவெட்டர் சொன்ன எட்டத்து அறிமுகங்கள்தான் எல்லாம்.

துறைமுகத்தில் அவருக்கு மேலே இருந்தவர் நாராயண ஐயர், அவரும் கணிதம் படித்தவர். மாலையில் இருவரும் சிலேட்டை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். ராமானுஜன் பத்துப் படியைத் தாண்டி விடையை எழுதிவிட்டுப் போவார், ஐயர் விடமாட்டார், எனக்குப் புரிகிற மாதிரி நடுவில் உள்ளதை எழுதுங்கள், எனக்கே புரியாவிட்டால் வேறு யார் ஏற்பார்கள் என்று உட்காரவைப்பார். இது வேறு வகை உறவு. இதற்கு தினமும் பார்க்க வேண்டும், அடம்பிடிக்கும் அளவுக்கு உரிமை வேண்டும், பொறுமை வேண்டும். எட்டத்து அறிமுகக்காரர் யாரும் இதைச் செய்யமாட்டார். தோன்றிய ஒன்று பிறர் படிக்கும் வடிவத்துக்கு வருவது இந்த இடத்தில்தான். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குப் போன கடிதம் அதற்கப்புறம்தான் எழுதப்பட்டது. அதற்கு முன் கேம்பிரிட்ஜில் வேறு இருவருக்கு எழுதி ஒன்றும் நடக்கவில்லை. ஹார்டியோ, கடிதம் கிடைத்த அன்று மாலையே தன் கணிதக் கூட்டாளி லிட்டில்வுட்டைக் கூப்பிட்டு, இருவருமாக உட்கார்ந்து பார்த்தார்கள். 1918-இல் ஹார்டியும் ராமானுஜனும் ஓர் எண்ணை எத்தனை வகையாகப் பிரித்துக் கூட்டலாம் என்பதற்குக் கொடுத்த சூத்திரம், ஒருவரால் மட்டும் ஆகியிருக்காது என்று இருவரையும் அறிந்தவர்கள் சொன்னது. 200-க்கு அந்த விடை 3,972,999,029,388. மக்மஹோன் என்பவர் அதைக் கையாலேயே கணக்கிட்டு வைத்திருந்தார், சூத்திரம் அதோடு பொருந்தியது. அதே கேம்பிரிட்ஜ் உறவு மனிதர் ராமானுஜனைக் காப்பாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போர்க்காலம், சாப்பாடு இல்லை, நோய், பேச ஆள் இல்லை. கணிதத்துக்குப் போதுமான உறவு மனிதருக்குப் போதவில்லை. ஊர் திரும்பி, நோயில் படுத்தபடி, சேத்துப்பட்டில் 1920 ஏப்ரலில் இறப்பதற்கு முன் அவர் கண்டுபிடித்த, போலித் தீட்டா சார்புகள் என்ற புது வகைக் கணிதச் சார்புகளைப் பற்றி ஹார்டிக்குக் கடைசிக் கடிதத்தில்தான் எழுதினார். தோன்றியது தனிமையில், அப்போதும் அதை எழுதிச்சொல்ல ஓர் ஆள் இருந்தார்.

ஹார்டி, லிட்டில்வுட் பற்றி இன்னொன்றும் சொல்ல ஆசை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வேலை செய்தவர்கள், ஏறக்குறைய நூறு கட்டுரைகள். அவர்களுக்குள் நான்கு விதிகள் இருந்ததாக ஹரால்ட் போர் என்ற கணிதவியலாளர் பதிவு செய்திருக்கிறார். ஒருவர் மற்றவருக்கு எழுதுவது சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வந்த கடிதத்துக்குப் பதில் போட வேண்டியதில்லை, படிக்கக்கூட வேண்டியதில்லை. இருவரும் ஒரே நுணுக்கத்தில் ஒரே நேரத்தில் மண்டையை உடைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. ஒருவர் எதுவுமே செய்யாமல் இருந்தாலும் கட்டுரை இருவர் பெயரிலும்தான் வரும். இதை முதலில் படித்தபோது இவ்வளவு நெருங்கிய கூட்டாளிகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றியது. இப்போது பார்த்தால், நான் மேலே சொன்ன ஒவ்வொரு சிக்கலுக்கும் இதில் ஒரு தடுப்பு இருக்கிறது. தப்பாக எழுதலாம் என்றால் மதிப்பீட்டுப் பயம் போகிறது. படிக்க வேண்டாம் என்றால் அடுத்தவர் பேச்சுக்காகக் காத்திருப்பது போகிறது. ஒரே இடத்தில் தோண்ட வேண்டாம் என்றால் இருவரும் ஒரே மாதிரி ஆவது போகிறது. பெயர் யாருக்கு என்ற கணக்கு நான்காவதில் போய்விடுகிறது. இரண்டு ஆட்கள் இயல்பாகவே பொருந்திப்போனார்கள் என்று இதை நான் நினைக்கவில்லை, பொருந்துவதற்கு ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

நெருக்கம் என்றாலே ஒரே மாதிரி ஆகிவிடும் என்று பயப்படுகிறீர்கள். நம் பக்கத்திலேயே ஒரு மறுப்பு இருக்கிறது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் 1923-இல் ஒரே மாதத்தில் அந்த ஊரில் பிறந்தவர்கள், சிறுவயதிலிருந்து நண்பர்கள். ஒரே மண், ஒரே தெருப்பேச்சு, இருவருக்கும் சங்கீதப் பித்து, இருவருக்கும் இடதுசாரிச் சாய்வு. இருவரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்கள், அழகிரிசாமிக்கு அவர் இறந்தபின் வந்தது. இவ்வளவு ஒன்றாக இருந்தும் எழுத்து ஒன்றாக இல்லை. கி.ரா. உட்கார்ந்து கதை சொல்லுகிறவர், கரிசல் பேச்சும் நாட்டுப்புறக் கதையும் அவரிடம் கலந்தே வரும். அழகிரிசாமி அடக்கி எழுதுகிறவர், வார்த்தை கூடிவிடாமல் பார்த்துக்கொள்வார். இதற்குக் காரணம் தேடினால் எனக்குத் தெரிவது இது. ஒருவர் ஊரிலேயே விவசாயியாக இருந்து, ஊர்க்காரர்களோடு பேசிக்கொண்டே, முப்பத்தைந்தை ஒட்டிய வயதில்தான் கதை வெளியிட ஆரம்பித்தார். மற்றவர் சென்னைப் பத்திரிகை அலுவலகங்களுக்கும் அப்புறம் மலேயாவில் தமிழ் நேசனுக்கும் போனார். இடையில் கடிதங்கள் ஓடின. அன்பு ஒன்று, ஆனால் ஆளுக்கு ஒரு தனி உலகம் வெளியே இருந்தது. இது ஆய்வு முடிவு இல்லை, என் வாசிப்பு மட்டுமே. இரண்டு பேரை வைத்து விதி செய்ய முடியாது. ஆனாலும் உங்கள் குழுவைப் பார்க்க இது ஒரு வழி தருகிறது. நீங்கள் எவ்வளவு நெருக்கம் என்பதை விட்டுவிட்டு, இந்த ஐந்தாறு பேரும் குழுவுக்கு வெளியே யாரோடு பழகுகிறார்கள் என்று கணக்கெடுத்துப் பாருங்கள். எல்லோரும் அதே புத்தகம், அதே விழா, அதே ஆட்கள் என்றால் சிக்கல் அங்கே இருக்கிறது.

சந்தேகத்துக்குரிய பேச்சுகளும் நிறைய உலவுகின்றன. ஒதுக்கப்பட்டவர்களுக்குப் படைப்பாற்றல் கூடும் என்று ஒன்று. 2013-இல் அமெரிக்காவில் செய்த சில சோதனைகளில், தாங்கள் தனித்தன்மை உள்ளவர்கள் என்று ஏற்கெனவே நினைப்பவர்களுக்கு மட்டும் நிராகரிப்புக்குப் பின் அப்படி ஒரு கூடுதல் தெரிந்தது. கல்லூரி மாணவர்கள், சில நிமிடப் புதிர்கள். இதை நம்பி நண்பர்களை உதறுவது அறிவில்லை. நான் சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய ஆட்களை வைத்துச் செய்தவை என்பதையும் மறக்க வேண்டாம். ஆளுக்கொரு அறை, இஷ்டப்பட்டால் சேர்ந்து இஷ்டப்பட்டால் விலகுகிற குழு என்ற சூழல் அது. நம் வீடுகளில், அதுவும் பெண்களுக்கு, உறவு முதலில் தொடுவது யோசனையை இல்லை, நேரத்தை. யார் வந்து எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாத வீட்டில் எந்த ஆய்வு சொல்லும் உத்தியும் பாதிதான் வேலை செய்யும்.

சரி, உங்கள் இடத்தில் இருந்தால் நான் என்ன செய்வேன்? அடுத்த கதையின் முதல் வரைவு முடியும்வரை குழுவில் அதைப் பற்றி வாயே திறக்கமாட்டேன், தலைப்பைக்கூடச் சொல்லமாட்டேன். முடிந்தபின் எல்லோருக்கும் அனுப்பாமல், அந்த ஐந்தாறு பேரில் நாராயண ஐயர் மாதிரி “இந்த இடம் எனக்குப் புரியல” என்று சொல்லக்கூடிய ஒரே ஒருவரிடம் கொடுப்பேன். நன்றாக இருக்கிறது, இல்லை என்று சொல்ல வேண்டாம், எங்கே தடுக்கியது என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். குழுவுக்கு அதன் பிறகு காட்டலாம், அப்போது அவர்கள் சொல்வது கதையைக் கெடுக்காது, கதை ஏற்கெனவே நின்றுவிட்டிருக்கும். குழுவில் ஒருவர் சொல்லுக்கு மட்டும் அதிக எடை இருந்தால், அவரைக் கடைசியாகப் பேசச் சொல்லுங்கள். எல்லோரும் தங்கள் கருத்தைக் காகிதத்தில் எழுதிவிட்டுப் பிறகு பேசுவது இன்னும் நல்லது. இந்த ஒரு ஏற்பாட்டுக்கு வகுப்பில் நல்ல பலன் பார்த்திருக்கிறேன். அப்புறம், இலக்கியத்தோடு சம்பந்தமே இல்லாத இரண்டு மூன்று பேரோடு மறுபடி பழக ஆரம்பிப்பேன், பழைய பள்ளித் தோழி, கிராம நிர்வாக அலுவலர், மீன் ஏலம் எடுப்பவர், யாராக இருந்தாலும் சரி. கதை தேடிப் போக வேண்டாம், சும்மா பேசினால் போதும். இதையெல்லாம் செய்து நான்கைந்து மாதம் ஆகியும் ஒன்றும் அசையவில்லை என்றால், சிக்கல் உறவில் இல்லாமல் தூக்கத்தில், வேலைச் சுமையில், மனச்சோர்வில் இருக்கலாம். அதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

கணவர் விஷயம். இதற்குப் பொருத்தமான ஓர் ஆய்வு பல்கேரியாவில் நடந்தது, திருப்பூர் மாதிரி பின்னலாடை செய்யும் நிறுவனங்களில். 2002-இல் வெளியானது. மேலதிகாரிகளும் சக ஊழியர்களும் தரும் ஊக்கம் எவ்வளவு உதவியதோ, அதிலிருந்து தனியாக, வீட்டாரும் வெளி நண்பர்களும் தரும் ஊக்கமும் வேலையில் புதுமையைக் கூட்டியது. அது மனத்தெம்பு வழியாகவே நடந்தது என்று காட்டினார்கள். அதிலும், தாங்கள் பெரிய கற்பனைக்காரர்கள் இல்லை என்று எண்ணக்கூடியவர்களுக்குத்தான் வீட்டு ஆதரவு அதிகம் பயன்பட்டது. அங்கே கேட்கப்பட்டது வேலையைப் பற்றி வீட்டில் ஊக்கம் கிடைக்கிறதா என்பதுதான், வீட்டார் அந்த வேலையைப் புரிந்துகொண்டார்களா என்று இல்லை. ஆகவே அவர் உங்கள் கதையைப் படிக்காததால் கதை கெட்டுவிடாது. முதல் வாசகர் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. கதையைப் படியுங்கள் என்று அவரிடம் கேட்பதை நிறுத்திவிட்டு, ஞாயிறு காலை மூன்று மணி நேரம் பிள்ளைகளையும் அடுப்படியையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று கேளுங்கள். அதற்கு அவர் சம்மதித்தால் உங்கள் எழுத்துக்குத் தேவையான ஆதரவு வீட்டிலிருந்து வந்துவிட்டது. சம்மதிக்காவிட்டால், குழுவில் யார் என்ன சொல்லுகிறார்கள் என்பதைவிட அதைத்தான் முதலில் பேசித் தீர்க்க வேண்டும்.